கார் குடிக்கும் கரும்புச் சாறு

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த மாலை வகுப்பில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த சமயம், கரும்பு வெட்டுக்குப் போகும் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “அண்ணே, பங்கிலே ஊத்துற பெட்ரோலிலே அஞ்சிலே ஒரு பங்கு கரும்பிலேயும் சோளத்திலேயும் இருந்து வருதாமே? நாம வெட்டுற கரும்பிலே கார் ஓடுதுன்னா, நம்ம கூலி மட்டும் ஏன் நின்ன இடத்திலேயே நிக்குது?” என்றார். பக்கத்தில் நின்ற பஞ்சாலைத் தோழர், “என் பழைய வண்டி முன்னே மாதிரி மைலேஜ் கொடுக்கலே. அதுக்கும் இதுதான் காரணமா?” என்று கேட்டார்.

இரண்டும் நல்ல கேள்விகள். அன்றைக்கே பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. ஒரு வாரம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் புரட்டினோம். சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் தோழர்களை விசாரித்தோம். நாம் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள்தான். ஆனால் எடைமேடைச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு இந்த விஷயமும் விளங்கும். ஆகவே இன்று எத்தனாலைப் பற்றிப் பேசுவோம்.

எத்தனால் என்றால் என்ன?

பழைய சோறு அதிகமாகப் புளித்தால் ஒரு நெடி வருகிறதே, அதுதான் இதன் ஆரம்பம். இனிப்பு இருக்கிற எதிலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைச் சேர்த்தால் அது இனிப்பைத் தின்று சாராயமாக மாற்றும். அதைக் காய்ச்சி வடித்து, கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் நீக்கினால் எஞ்சுவது எத்தனால். குடிக்கிற சாராயமும் இதுதான், ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துத் தடவுவதும் இதுதான். வண்டிக்கு ஊற்றுவதும் இதுதான்.

கரும்பில் மூன்று வழிகள் உண்டு. சர்க்கரை முழுவதும் எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடிக்கலாம். சர்க்கரையைக் கொஞ்சம் விட்டுவைத்த கெட்டி மொலாசஸிலிருந்து வடிக்கலாம். சர்க்கரையே எடுக்காமல் சாற்றையே நேராகப் புளிக்க வைத்தும் வடிக்கலாம். தானியத்தில் இனிப்பு கிடையாது, மாவுதான் உண்டு. ஆகவே அரிசியையோ மக்காச்சோளத்தையோ அரைத்து, வேகவைத்து, மாவை இனிப்பாக மாற்றி, பிறகு புளிக்க வைக்கிறார்கள்.

கரும்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆலை ஓடுவதற்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் சக்கையை எரித்தே எடுத்துக்கொள்ளலாம். தானியத்துக்கு அந்த வசதி இல்லை; வெளியிலிருந்து எரிபொருள் வாங்கியே வேகவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் தருகிற வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒரு லிட்டர் எத்தனால் தரும்.

எத்தனால் ஏமாற்று வேலையா? இல்லை. சாற்றில் கார் ஓடும் என்பது நிரூபணமான விஷயம். உலகத்தில் வண்டிகள் பெருகுகின்றன, எண்ணெய்த் தேவை பெருகுகிறது. எண்ணெய்க் கிணறு இல்லாத நாடுகள் வேறு வழி தேடுவது நியாயமே. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. வளைகுடாவில் ஒரு குண்டு வெடித்தால் நம் ஊர் பஸ் கட்டணம் நடுங்குகிறது. ஆகவே மாற்று எரிபொருளின் மேல் நமக்குக் கோபம் கிடையாது. அது யார் நிலத்தில், யார் தண்ணீரில், யார் வியர்வையில் வருகிறது, லாபம் யாருக்குப் போகிறது என்பதுதான் நம் கேள்வி.

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், இந்தக் காரியத்தை 50 வருஷம் செய்து பார்த்த ஒரு நாட்டுக்குப் போக வேண்டும். அது பிரேசில்.

பிரேசிலில் நடந்தது என்ன?

1973-ல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் நடந்ததை ஒட்டி, சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியது. பிரேசில் அப்போது தன் எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கஜானா காலியாகத் தொடங்கியது. அதே சமயத்தில், 1974 கடைசியில் உச்சிக்குப் போயிருந்த உலகச் சர்க்கரை விலை 1975-ல் சரிந்தது. கரும்பாலை முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள்.

பிரேசிலில் அப்போது இராணுவ ஆட்சி. 1964 முதல் 1985 வரை அப்படித்தான். ஜனாதிபதி கெய்செல் 1975 நவம்பர் 14-ந் தேதி ஓர் ஆணை பிறப்பித்தார். ‘ப்ரோ ஆல்கூல்’ என்ற தேசியச் சாராயத் திட்டம் அன்று பிறந்தது. எண்ணெய் இறக்குமதி குறையும், சர்க்கரை முதலாளியும் பிழைப்பார் என்பது கணக்கு. வடிசாலை கட்ட முதலாளிகளுக்குப் பணவீக்கத்தைவிடக் குறைந்த வட்டியில் சர்க்கார் கடன் கொடுத்தது. எத்தனாலை சர்க்காரே விலை நிர்ணயித்து வாங்க ஏற்பாடு செய்தது.

1979-ல் தனி எத்தனாலில் ஓடும் கார் சந்தைக்கு வந்தது. 1980-களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் கார்கள். உலகமே பார்த்து வியந்தது. இன்றும் அமெரிக்காவும் பிரேசிலும் சேர்ந்துதான் உலக எரிபொருள் எத்தனாலில் ஐந்தில் நான்கு பங்கைத் தயாரிக்கின்றன. 2025 ஆகஸ்டு முதல் பிரேசிலில் பெட்ரோலில் நூற்றுக்கு 30 பங்கு எத்தனால் கலக்கிறார்கள்.

ஆனால் நடுவில் நடந்த ஒன்றைப் பலர் சொல்லுவதில்லை. 1986-ல் எண்ணெய் விலை விழுந்தது. பிறகு சர்க்கரை விலை ஏறியது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? சாற்றைச் சாராயத் தொட்டியிலிருந்து சர்க்கரைக் கொப்பரைக்குத் திருப்பிவிட்டார்கள். 1989-ல் எத்தனால் பங்குகள் வறண்டன. எத்தனால் காரை வாங்கிய ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். தேசத்துக்காக என்று சர்க்கார் கடனை வாங்கியவர்கள், சர்க்கரையில் இரண்டு காசு கூடக் கிடைத்ததும் தேசத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்கள். எத்தனால் காரின் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. 2003-ல் பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் கார் வந்த பிறகுதான் அது திரும்பியது. குழாயின் திருகு யார் கையில் இருக்கிறதோ, அவர் லாபத்துக்குத் தக்கபடிதான் சாறு ஓடும் என்பதற்கு இது பாடம்.

ஆறிய சோற்றுக்காரர்கள்

இனி வெட்டியவர்களைப் பார்ப்போம்.

பிரேசிலின் கரும்பில் பெரும்பகுதி சாவோ பாலோ மாநிலத்தில் விளைகிறது. அங்கே வெட்டுக்கு வந்தவர்களில் அநேகர் வறண்ட வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பல நூறு மைல் பஸ்ஸில் வந்தவர்கள். அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘போயா-ப்ரீயா’. ‘ஆறிய சோறு’ என்று அர்த்தம். விடியற்காலையில் சமைத்துத் தூக்கில் எடுத்துப் போய், வயல் வரப்பில் ஆறிப்போனதைத் தின்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். நம் பெண்கள் தூக்குவாளியில் கொண்டுபோகும் பழைய கஞ்சி நினைவுக்கு வருகிறதா? தேசம் வேறு, பாஷை வேறு. சோறு ஆறுவது ஒரே மாதிரிதான்.

1983-84 வாக்கில் ஆலைகள் ஒரு மாற்றம் செய்தன. அதுவரை ஒரு வெட்டாளுக்கு ஐந்து வரிசைக் கரும்பு. வெட்டி நடு வரிசையில் அடுக்க வேண்டும். அதை ஏழு வரிசையாக்கினார்கள். வரிசை கூடினால் கூலியும் கூடுமே என்று நினைக்காதீர்கள். ஓரத்து வரிசையில் வெட்டியதை நடு வரிசைக்குத் தூக்கி வரும் தூரம் கூடியது. அதே கூலிக்கு நடை அதிகம், பாரம் அதிகம். வண்டி ஏற்றும் யந்திரத்துக்கு மட்டும் வேலை சுலபமாயிற்று.

அதே சமயம் குவாரிபா என்ற சிறு நகரத்தில் குடிதண்ணீர்க் கட்டணமும் ஏறியது. 1984 மே 15-ந் தேதி அந்த ஊர்க் கரும்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். தண்ணீர் அலுவலகம் தாக்கப்பட்டது. மளிகைக் கடை ஒன்று சூறையாடப்பட்டது. இராணுவ போலீசார் சுட்டனர். விளையாட்டு மைதானத்தின் அருகில் நின்ற ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தார்கள். ஆனாலும் வேலைநிறுத்தம் பக்கத்து ஊர்களுக்குப் பரவியது.

முடிவில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஏழு வரிசை போய் மறுபடியும் ஐந்து வரிசை வந்தது. வேலைப் பதிவுக்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அந்த ஒப்பந்தத்துக்கு ஊரின் பெயராலேயே ‘குவாரிபா ஒப்பந்தம்’ என்று பெயர். சாராயத் திட்டம் பிறந்து எட்டரை வருஷம் ஆகியும் வெட்டாளின் பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவன் அரிவாளைக் கீழே வைத்த பிறகுதான் திறந்தார்கள்.

டன் ஏறியது, ஆயுள் குறைந்தது

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரேசிலில் வெட்டுக்கூலி டன் கணக்கு. ஆனால் வயலில் அளப்பது மீட்டரில். எடை போடுவது ஆலையில். இத்தனை மீட்டருக்கு இத்தனை டன் என்று மாற்றிச் சொல்வது ஆலைக்காரன். வெட்டியவனுக்குத் தான் அன்று எவ்வளவு சம்பாதித்தோம் என்பது வரப்பில் நிற்கும்போது தெரியாது. எடைமேடைத் தகராறு நமக்குப் புதியதா, தோழர்களே?

1980-களில் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 6 டன் வெட்டினார். 2000-த்துக்குப் பிறகு அது 12 டன்னுக்கு ஏறியது. ஏன்? டன்னுக்குக் கிடைக்கும் கூலி தேய்ந்தது. அதே பணத்தைச் சம்பாதிக்க இரண்டு மடங்கு வெட்ட வேண்டியதாயிற்று. குறைவாக வெட்டுபவர்களை அடுத்த பருவத்துக்குக் கூப்பிடவில்லை. எரித்த கரும்பின் கரியும் சாம்பலும் மூச்சில் ஏற, வெயிலில் குனிந்து குனிந்து வெட்டினார்கள். கை கால் இழுத்துக்கொண்டு வயலிலேயே விழுந்தார்கள். 2004-க்கும் 2007-க்கும் இடையில் சாவோ பாலோ மாநிலத்தில் சுமார் இருபது வெட்டாட்கள் இப்படி அளவுக்கு மீறிய உழைப்பால் இறந்ததாக, குடிபெயர்ந்த தொழிலாளர்களிடையே ஊழியம் செய்யும் கத்தோலிக்க அமைப்பு கணக்கெடுத்து வெளியிட்டது. பலர் இளம் வயதினர். 2007-ல் வடக்கே பாரா மாநிலத்தில் ஒரு கரும்புத் தோட்டத்திலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களை அடிமைக்கு ஒப்பான நிலையிலிருந்து சர்க்கார் அதிகாரிகளே மீட்டார்கள். அதே வருஷங்களில்தான் உலகப் பத்திரிகைகள் ‘பசுமை எரிபொருள்’ என்று பிரேசிலைப் பாராட்டிக்கொண்டிருந்தன.

பிறகு யந்திரம் வந்தது. கரும்பை எரித்து வெட்டுவதால் ஊரெல்லாம் புகை. 2002-ல் சாவோ பாலோ சட்டமும், 2007-ல் ஆலைகளோடு செய்த உடன்பாடும் எரிப்பதைப் படிப்படியாக நிறுத்தச் செய்தன. எரிக்காத கரும்பைக் கையால் வெட்டுவது கஷ்டம். ஆகவே அறுவடை யந்திரம் இறங்கியது. ஒரு யந்திரம் 80 முதல் 100 பேருடைய வேலையைச் செய்யும். புகை நின்றது நல்லதே. இடுப்பு ஒடியும் அந்த வேலை ஒழிந்ததும் நல்லதே. ஆனால் அந்த நூறு பேர் எங்கே போனார்கள்? சிலருக்கு யந்திரம் ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி கிடைத்தது. மிகப் பலருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார்கள்.

மெக்சிகோவின் ரொட்டி

பிரேசிலில் கரும்பு, அமெரிக்காவில் மக்காச்சோளம். 2005-லும் 2007-லும் அமெரிக்கா சட்டம் போட்டு எத்தனால் கலப்பைக் கட்டாயமாக்கியது. இன்று அந்த நாட்டு மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வடிசாலைக்குப் போகிறது. வடித்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது மனிதன் தட்டுக்கு வருவதில்லை.

மெக்சிகோ ஜனங்களுக்குச் சோளரொட்டிதான் சோறு. 2006 கடைசியில் அமெரிக்கச் சோள விலை ஏறத் தொடங்கியது. மெக்சிகோவிலும் விலை பாய்ந்தது; பதுக்கல் வியாபாரிகள் தங்கள் கைவரிசையையும் காட்டினார்கள். 2007 ஜனவரி 31-ந் தேதி மெக்சிகோ தலைநகரில் பல்லாயிரம் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களில் பலருக்குக் காரே கிடையாது. ஆனால் அடுத்த தேசத்துக் காருடன் தங்கள் ரொட்டிக்குப் போட்டி என்று ஆகிவிட்டது.

அந்த வருஷம் மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் பிரேசிலுக்கு வந்தபோது எத்தனால் ஒத்துழைப்புக்கு இரு நாடுகளுக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தாயிற்று. அந்த மாதக் கடைசியில், நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த பிடல் காஸ்ட்ரோ ‘கிரான்மா’ பத்திரிகையில் எச்சரித்து எழுதினார். பணக்கார நாடுகளின் கார்களுக்காக உணவுப் பயிரை எரிபொருளாக்குவது கோடிக்கணக்கான ஏழைகளைப் பட்டினியில் தள்ளும் என்பது அவர் வாதம். பல தலைமுறைகளாகக் கரும்பையே நம்பி வாழ்ந்த கியூபாவிலிருந்து அந்தக் குரல் வந்தது. கரும்பின் கசப்பு தெரிந்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டுக்கு வருவோம்

இந்தியாவில் எத்தனால் கலப்பு 2003-ல் நூற்றுக்கு 5 பங்கு என்று ஆரம்பித்தது. வெகு நாள் அது காகிதத்திலேயே இருந்தது. 2013-14-ல் எண்ணெய்க் கம்பெனிகள் வாங்கியது 38 கோடி லிட்டர்தான். கலப்பு ஒன்றரை பங்கு. 2018-ல் புதிய கொள்கை வந்தது. 2022 ஜூனில் கலப்பு 10 பங்கானது. 2023-24-ல் வாங்கியது 700 கோடி லிட்டரைத் தாண்டியது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 பங்கு இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டினார்கள். 2023 செப்டம்பரில் டில்லியில் கூடிய ஜி-20 மாநாட்டின்போது இந்தியா, பிரேசில், அமெரிக்கா முதலிய நாடுகள் சேர்ந்து உயிரி எரிபொருள் கூட்டணியும் அமைத்தன. ஆகவே பிரேசில் கதை நமக்கு அந்நியக் கதை அல்ல.

இதனால் நன்மை இல்லையா? உண்டு. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. எண்ணெய்க் கம்பெனியிடமிருந்து ஆலைக்குப் பணம் விரைவில் வருவதால் வடக்கே பல இடங்களில் கரும்பு பாக்கி குறைந்தது. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. ஆனால் மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல் கைதட்ட முடியாது. சோற்றுக் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, கூலிக் கணக்கு.

சோற்றுக் கணக்கு

ஒரு காரின் டாங்கில் 40 லிட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். நூற்றுக்கு 20 பங்கு என்றால் அதில் 8 லிட்டர் எத்தனால். ஒரு டன் நொய்யரிசியில் அதிகம் போனால் 450 லிட்டர் வடிக்கலாம். அப்படியானால் 8 லிட்டருக்குச் சுமார் 18 கிலோ. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். ஆகவே ஒரு ஏழையின் மூன்றரை மாதத்து ரேஷன் அந்த ஒரு டாங்கில் அடங்கும்.

“மக்கிப்போன அரிசியைத்தானே வடிக்கிறோம்” என்று முதலில் சொன்னார்கள். பிறகு உணவுக் கார்ப்பரேஷன் கிடங்கு அரிசியையே கொடுத்தார்கள். 2023 ஜூலையில் விலைவாசி ஏறியதும் அதை நிறுத்தினார்கள். அந்த டிசம்பரில் சர்க்கரை தட்டுப்படும் என்று பயந்து, சாற்றிலிருந்து வடிப்பதற்கும் கட்டுப்பாடு போட்டார்கள். 2024-ல் இரண்டையும் தளர்த்தினார்கள். 2024-25-க்கு வடிசாலைகளுக்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கினார்கள். கிலோ ரூ. 22.50. சர்க்கார் அதை வாங்கிச் சேமிக்கச் செய்த செலவு இதைவிட வெகு அதிகம். அந்த வித்தியாசம் யார் பணம்? நம் எல்லோருடைய பணம்.

மக்காச்சோளமும் அப்படியே. 2024-ல் வடிசாலைகள் அள்ளிக்கொண்டதால் விலை ஏறியது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா வெளியிலிருந்து மக்காச்சோளம் வாங்கும் நாடானது. நாமக்கல் கோழிப்பண்ணைக்கு அதுதான் முக்கியத் தீனி. தீனி ஏறினால் முட்டையும் ஏறும். சோளம் போட்ட விவசாயிக்கு அந்த வருஷம் நாலு காசு கிடைத்தது, சந்தோஷம். நம்பி இன்னும் அதிக நிலத்தில் போட்டார்கள். 2025 கடைசியில் கர்நாடகத்தில் விலை, ஆதரவு விலையான குவிண்டால் ரூ. 2,400-க்கு வெகு கீழே விழுந்தது. விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். குழாயின் திருகு இங்கேயும் வேறு யார் கையிலோ இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. கரும்பும் நெல்லும் சேர்ந்து நாட்டின் பாசனத் தண்ணீரில் 70 சதவீதத்தைக் குடிக்கின்றன என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நம் டாங்குக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். 8 லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 22,880 லிட்டர் தண்ணீர். குடம் எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கும் நம் பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வடித்த பிறகு மிஞ்சும் கழிவுநீர் வேறு. மொலாசஸில் ஒரு லிட்டர் வடித்தால் 10 முதல் 15 லிட்டர் கறுத்த கழிவுநீர் மிஞ்சும். அளவோடு வயலுக்கு விட்டால் உரம். வாய்க்காலில் திறந்துவிட்டால் விஷம். பஞ்சாபில் ஜீரா பக்கத்தில் மன்சூர்வால் கிராமத்து ஜனங்கள், வடிசாலையால் நிலத்தடி நீர் கெட்டது என்று 2022 ஜூலையில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். குளிரிலும் எழுந்திருக்கவில்லை. 2023 ஜனவரியில் மாநில முதல் மந்திரி அந்த ஆலையை மூட உத்தரவிட வேண்டியதாயிற்று.

கூலிக் கணக்கு

இப்போது கரும்பு வெட்டும் தோழரின் கேள்விக்கு வருவோம்.

நிதி ஆயோக் கணக்குப்படி ஒரு டன் கரும்பில் 70 லிட்டர் எத்தனால். 2024-25-ல் சாற்றிலிருந்து வடித்த எத்தனாலுக்கு லிட்டர் ரூ. 65.61. பெருக்கினால் சுமார் ரூ. 4,593. அந்த வருஷம் கரும்புக்கு மத்திய சர்க்கார் விலை, 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, டன் ரூ. 3,400. வித்தியாசம் ஏறக்குறைய ரூ. 1,190. இது முழுக்க முதலாளியின் லாபம் என்று நாம் சொல்லவில்லை. வடிசாலைச் செலவும் வட்டியும் ஆலைத் தொழிலாளியின் சம்பளமும் அதற்குள் உண்டு. ஆனால் சக்கையில் எடுக்கும் மின்சாரத்தின் வரும்படி இதில் சேரவில்லை.

இன்னொரு சூட்சுமம் பாருங்கள். கரும்பு விலையைச் சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். கட்டுமானம் 9.5-ம் அதற்குக் கீழும் உள்ள ஆலையில் அந்த வருஷம் டன் ரூ. 3,151 மட்டுமே. வடிக்கிற எத்தனாலுக்கு அந்த விலையில் தனிப் பங்கு கிடையாது. முன்பு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் 5-ஏ என்று ஒரு விதி இருந்தது. ஆலை லாபத்தில் விவசாயிக்குப் பங்கு கொடுக்கச் சொன்ன விதி. 2009-ல் அதை நீக்கிவிட்டார்கள். சர்க்கரையிலும் உப பொருள்களிலும் வரும் வருமானத்தில் விவசாயிக்குப் பங்கு கொடுங்கள் என்று ரங்கராஜன் கமிட்டி 2012-ல் சொன்னது.

நம் பக்கத்தில் பெரும்பாலும் வெட்டுக்கூலி விவசாயி வாங்கும் பணத்திலிருந்துதான் போகிறது. எத்தனாலின் வரும்படி சிறு விவசாயிக்கே வராதபோது, வெட்டாள் கூலி கேட்டால் அவரும் எங்கிருந்து கொடுப்பார்? வரப்பில் நிற்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறார்கள். பணம் வரப்புக்கு வரவே இல்லை, வடிசாலையிலேயே நின்றுவிட்டது. தோழரே, உங்கள் கூலி நின்ற இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மோட்டார் சைக்கிள் தோழருக்கும் பதில் உண்டு. 20 பங்கு கலப்புக்கென்று அமைக்கப்படாத பழைய இரு சக்கர வண்டியில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை ஒப்புக்கொள்கிறது. கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம். மைலேஜ் குறைந்தது, பங்கில் விலை குறைந்ததா? இல்லை. பிரேசில்காரனுக்கு எத்தனால் குழாய் தனியாக உண்டு. விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைப் போடுவான். இல்லாவிட்டால் பெட்ரோல் பக்கம் போவான். நமக்கு அந்தத் தேர்வு இல்லை. உங்கள் வண்டி அதற்கும் மேலே மோசமாக ஓடினால், மெக்கானிக்கிடம் காட்டிக் குழாய்களையும் கார்புரேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

எத்தனால் வேண்டாம் என்று கோஷம் போடுவது நம் வேலை அல்ல. கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: முதலில் கழிவுப் பொருள், பிறகு மற்றவை. மொலாசஸ், கெட்டுப்போன தானியம், வைக்கோல், சோகை இவற்றிலிருந்து வடிக்கட்டும். ரேஷன் அரிசிக்கு ஒதுக்கீடு முடிந்த பிறகே கார் டாங்கின் கணக்கு.

இரண்டு: எத்தனாலிலும் சக்கை மின்சாரத்திலும் வரும் வருமானத்தைச் சேர்த்தே கரும்பு விலை போட வேண்டும். 14 நாளில் பணம், தவறினால் 15 சதவீத வட்டி என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அது நடக்க வேண்டும்.

மூன்று: வெட்டுக்கூலி ஆலை, விவசாயி, வெட்டாள் மூவரும் உட்கார்ந்து பருவம் தொடங்கும் முன் எழுதும் ஒப்பந்தமாக இருக்க வேண்டும். எடை, வெட்டாளின் கண்முன் போடப்பட வேண்டும்.

நான்கு: புதிய வடிசாலை வருகிற ஊரில், கிணற்றுத் தண்ணீரும் கழிவுநீரும் எங்கே போகும் என்பதைக் கிராமசபையில் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஐந்து: வெட்டு யந்திரம் வந்தால், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் முதல் உரிமை அரிவாள் பிடித்தவனுக்கே. பிரேசிலின் நூறு பேர் கதை இங்கே நடக்கக் கூடாது.

தோழர்களே! குவாரிபாவில் ஏழு வரிசை ஐந்து வரிசையானது எப்படி என்பதை மறந்துவிடாதீர்கள். தனித்தனியாக மேஸ்திரியிடம் கெஞ்சியபோது வரிசை குறையவில்லை. அடுத்த அறவைப் பருவத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஆலை வாசலில் இருப்பவர்கள் வடிசாலையில் எத்தனை லிட்டர் போகிறது என்று தெரிந்து சொல்லுங்கள். வயலில் இருப்பவர்கள் போன பருவத்து எடைச்சீட்டுகளை எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். கேள்வி கேட்ட அந்த இரண்டு தோழர்களும் கட்டாயம் வர வேண்டும்.